ஏழாம் எண் வீட்டு பாயிண்ட்ஸ்மேன்

என் தம்பி ஓட்டிய பேருந்து, சாலையோரம் நின்றிருந்த காய்கறி வண்டியை இடித்தபோது மணி மாலை ஆறேகால். வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்ததால் தக்காளியோடு போயிற்று. டிப்போவில் அவனை உட்காரவைத்து மூன்று பேர் விசாரித்தார்கள். ஊதிக் காட்டச் சொல்லும் கருவி அன்றைக்குப் பார்த்துப் பழுதாம். அதனால் என்ன, பேனா பழுதாகவில்லை. "குடித்திருந்ததாகப் பலத்த சந்தேகம்" என்று எழுதி, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவன் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இது எனக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும். தெரிந்தும் அன்று இரண்டு பேருமே அவன் பக்கத்தில் போய் நின்று, தெரியாததுபோல மூச்சை இழுத்துப் பார்த்தோம். அவன் கவனித்துவிட்டான்.

"மோந்து பாரு அக்கா, நல்லா மோந்து பாரு," என்று வாயைத் திறந்து காட்டினான். எனக்கு நாற்பத்தைந்து வயது. அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

கண் டாக்டரிடம் போகலாம் என்று சொன்னது அவன் மனைவிதான். கொஞ்ச நாளாக அவன் வீட்டுக்குள்ளேயே கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறானாம். பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுகிறானாம். ஆனால் டிப்போவில் வருடா வருடம் செய்யும் பரிசோதனையில் எழுத்து அட்டையின் கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்துவிடுவான். நேரே இருப்பது அவனுக்குத் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் ஒன்றுமே தெரியவில்லை என்பதை யாரும் கேட்கவும் இல்லை, அவனுக்குச் சொல்லவும் தோன்றவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்திருக்கிறான்.

டாக்டர் ஒரு அம்மாள். அவசரமில்லாமல் பேசுகிறவர். தம்பியின் கண்ணை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, பிறகு என்னையும் உட்காரச் சொல்லி என் கண்ணையும் பார்த்தார்.

"குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி ஆகிட்டு வருது. இருட்டினா அதுவும் குறையும். இது பரம்பரையா வர்றது," என்றார். "உங்க கண்லயும் அதோட அடையாளம் லேசா இருக்கு. பெண்களுக்குப் பார்வை பெரும்பாலும் போகாது. ஆனா பிள்ளைங்களுக்குக் கடத்தலாம். உங்க அம்மாகிட்டருந்துதான் வந்திருக்கு. அம்மாவுக்கு அவங்க அப்பா கொடுத்ததா, அம்மா கொடுத்ததா?"

எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"கண்டுபிடிங்க. உங்க அம்மாவோட கூடப் பிறந்த பெண்கள் இருக்காங்களா?"

"ஒரு சித்தி இருக்காங்க. ரெண்டு பசங்க."

"அப்பாகிட்டருந்து வந்ததுன்னா உங்க சித்திக்கும் நிச்சயமா போயிருக்கும். பசங்களைப் பரிசோதிச்சே ஆகணும். என்ன வேலை பார்க்கறாங்க?"

பெரியவன் துணிக்கடையில் இருக்கிறான். சின்னவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலமே சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "உங்கப்பா வழியில வந்திருக்கும். அவங்க குடும்பத்துல எல்லாருமே ஒரு மாதிரிதான்," என்றாள்.

"இல்ல சித்தி, டாக்டர் என் கண்ணையும் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க."

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. எம்புள்ளைங்க நல்லா இருக்கானுங்க. உனக்குப் புள்ளை குட்டி இல்ல, நிம்மதியா ஊர் சுத்தித் தேடலாம். நாங்க அப்படியா?"

வேன் வாசலில்தான் நின்றிருந்தது. இடது பக்கக் கண்ணாடி உடைந்து, டேப் ஒட்டி வைத்திருந்தார்கள்.

ஆதாரம் இல்லாமல் சித்தியை அசைக்க முடியாது என்று தெரிந்தது. அம்மாவின் அப்பா போனபோது சித்தி கைக்குழந்தை; அவரைப் பற்றி அறிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் பாக்கி. என் மாமா. அம்மாவுக்கு மூத்தவர். எழுபத்துநாலு வயது. பெரிய அலுவலகம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அலுவலகத்துக்குத்தான் தெரியும். வீட்டில் இன்னும் மேலாளர்தான். அத்தை காபி கொண்டுவந்தால் அலுவலகக் கோப்பு ஒன்றைப் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்குவார். வரவேற்பறைச் சுவர் முழுக்க அவர் சால்வை வாங்கும் படம், கேடயம் வாங்கும் படம், கேடயம் கொடுக்கும் படம். அவருடைய அப்பாவின் படம் ஒன்றுகூடக் கிடையாது.

"எங்கப்பா குடிகாரன்," என்றார். எடுத்த எடுப்பில், வானிலை சொல்வதுபோல. "குடிச்சுட்டுக் கண்ட இடத்துல விழுவான். சுவத்துல முட்டிக்குவான். வேலை போச்சு. எங்களை விட்டுட்டு எங்கயோ போய்ச் செத்தான். எனக்குப் பதினோரு வயசு, உங்கம்மாவுக்கு அஞ்சு. நான்தான் தலையெடுத்து எல்லாரையும் கரை சேர்த்தேன்."

"கண்ணு ஏதும் தெரியாம இருந்துச்சா மாமா?"

"குடிச்சா யாருக்குக் கண்ணு தெரியும்?"

"எந்த வேலைல இருந்தார்?"

"ரயில்வேல என்னமோ. இப்ப எதுக்கு அதெல்லாம்? பேத்திக்கு வரன் பார்த்துட்டிருக்கோம். நல்ல இடமா அமையுற மாதிரி இருக்கு. இந்த நேரத்துல நீ கண்ணு காதுன்னு கிளம்பாத." எழுந்து நின்றார். விருந்தாளி போகலாம் என்பதற்கு அவருடைய அடையாளம் அது. "அந்தப் பேர்ல தேடுனா ஆயிரம் பேரு கிடைப்பான். தேடிக்கிட்டே இரு."

கடைசியில் சொன்னது மட்டும் உண்மை. என் அம்மா பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைக் கடைத்தெருவில் நின்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். தாத்தாவின் சொந்தப் பெயரோ, அந்தக் காலத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வைத்த பெயர். நான் தபால் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் பிரிக்கிறேன். அந்தக் குடும்பப் பெயருக்கு வரும் கடிதங்களைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தொடவே பயப்படுவார்கள். பெயரை நம்பினால் கடிதம் ஊரெல்லாம் சுற்றித் திரும்பி வரும். வீட்டு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அம்மாவின் பழைய பெட்டியில் அவளுடைய பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதில் முகவரி இருந்தது. ரயில்வே குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், வீட்டு எண் ஏழு.

ரயில்வேயின் பழைய ஆவணங்கள் இருக்கும் அறை, ஒரு கிடங்கின் மாடியில் இருக்கிறது. அங்கே இருக்கும் பொறுப்பாளரை எல்லோரும் கோந்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாளெல்லாம் கிழிந்த கோப்புகளை ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். நான் தாத்தாவின் பெயரைச் சொன்னதும் கோந்து தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, உங்க தாத்தாவுக்கு வேற பேரே கிடைக்கலியா? போன மாசம்கூட ஒருத்தர் இதே பேரைக் கேட்டு வந்தாரு. அவரோட தாத்தா ஸ்டேஷன் மாஸ்டர்னு வீட்ல சொல்லிக்கிட்டாங்களாம். எடுத்துப் பார்த்தா கக்கூஸ் கழுவுனவரு. இதை மூடி வைங்க சார்னு சொல்லிட்டு ஓடிப்போயிட்டாரு. இங்க வர்றவங்க எல்லாருக்குமே தாத்தா ஸ்டேஷன் மாஸ்டர்தான். அப்ப கொடி காட்டுனவன், கரி அள்ளுனவன், கக்கூஸ் கழுவுனவனெல்லாம் புள்ளை பெக்காமலே செத்துட்டானா?"

"எங்க தாத்தா குடிகாரர்னு சொன்னாங்க," என்றேன்.

கோந்துவுக்கு என்மேல் மரியாதை வந்தது. ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பெயர்ப் பட்டியலில் தாத்தாவின் பெயரில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். வீட்டு ஒதுக்கீட்டுப் பதிவேட்டைக் கேட்டேன். அப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை என்று சொல்லி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து தும்மிக்கொண்டே எடுத்துத் தந்தார். ஏழாம் எண் வீட்டுக்கான பக்கத்தில் தாத்தாவின் பெயரும் ஒரு பணியாளர் எண்ணும் இருந்தன. உடனே அந்தப் பணியாளர் எண்ணுக்கான கோப்பை எடுக்கச் சொன்னேன்.

கோப்பில் இருந்தவர் பணியாளர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். அசல் குடிகாரர். வேலை நேரத்தில் மாவு மூட்டைமேல் படுத்துத் தூங்கியதற்கு நான்கு முறை அபராதம். ஐந்தாவது முறை அடுப்பு பற்றி எரியும்போதும் எழுந்திருக்காததால் வேலை போயிற்று. படித்துவிட்டுக் கோப்பை மூடினேன். மாமா சொன்னது உண்மைதான், நான்தான் அவரைத் தேவையில்லாமல் சந்தேகப்பட்டேன் என்று நினைத்தேன். மாமாவைப் பற்றி அப்படி நினைத்தது அந்த ஒரு நாள்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். கோந்து கோப்பைக் கட்டிக்கொண்டே, "எந்த வருஷம் வீட்டைக் காலி பண்ணுனாரு?" என்றார். பார்த்தேன். அம்மா பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு.

மறுபடி உட்கார்ந்தேன். பதிவேட்டில் ஒரு பக்கம் தள்ளி, அதே ஏழாம் எண் வீட்டுக்கு அடுத்துக் குடிவந்தவரின் பெயரும் அதேதான். குடும்பப் பெயரும் அதே. பணியாளர் எண் மட்டும் வேறு. வேலை, பாயிண்ட்ஸ்மேன். ரயில் தடத்தை மாற்றிவிடும் வேலை. மனைவி, மூன்று பிள்ளைகள் என்று பிற்பாடு திருத்திக் குறித்திருந்தது.

அந்தக் கோப்பு மெலிதாக இருந்தது. முதல் தாள், சாயங்கால முறையில் இருந்தபோது தண்டவாளம் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்ததாக ஒரு புகார். "குடித்திருந்ததாகச் சந்தேகம்." இரண்டாவது தாள், நின்றிருந்த சரக்குப் பெட்டியில் முட்டி நெற்றி கிழிந்ததாக. மறுபடி சந்தேகம். மூன்றாவது, பக்கத்துத் தடத்தில் காட்டிய கொடியைப் பார்க்காமல் இருந்ததாக. அதில் சந்தேகம் போய், "குடிப்பழக்கம் உள்ளவர்" என்றே எழுதிவிட்டார்கள். அதற்குக் கீழே அவருடைய கையெழுத்தில் ஒரு மனு. எழுத்து நேராக, நிதானமாக இருந்தது.

"நான் மது அருந்துவதில்லை. பகலில் எனக்குக் கண் தெரிகிறது. எதிரில் இருப்பது தெரிகிறது. பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. பொழுது சாய்ந்தால் எதிரில் இருப்பதும் தெரிவதில்லை. வீட்டிலும் குடிக்கிறேன் என்றே நினைக்கிறார்கள். ஐயா அவர்கள் எனக்குப் பகல் வேலை ஏதாவது கொடுத்தால் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்வேன்."

பகல் வேலை கொடுக்கவில்லை. கடைசித் தாள் ரயில்வே மருத்துவருடையது. மது வாடை இல்லை, குடிப்பழக்கத்தின் அறிகுறி எதுவும் இல்லை, பார்வை வட்டம் மிகவும் சுருங்கியிருக்கிறது, ரயில் வேலைக்குத் தகுதியில்லை. வேலையிலிருந்து நீக்கியாயிற்று. வேலை போனதும் வீடும் போயிற்று. ஓரத்தில் ஒருவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "மனைவியும் பிள்ளைகளும் மனைவியின் சகோதரர் வீட்டில். இவரைச் சேர்க்க மறுக்கிறார்கள். பார்வையற்றோர் தொழிற்கூடத்துக்குப் பரிந்துரைக்கலாம்."

கோந்து என் தோளுக்குமேல் எட்டிப் படித்தார். தாள்களைப் படியெடுத்துத் தந்தார். ஓரம் கிழிந்திருந்த மனுவை மட்டும் தனியாக எடுத்து ஒட்டிக் காயவைத்தார்.

அந்தத் தொழிற்கூடம் இன்னும் இருக்கிறது. என் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாற வேண்டும். அவ்வளவுதான். நீளமான கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறார்கள். எந்த முடிச்சுக்கும் யாரும் கீழே குனிந்து பார்ப்பதில்லை. மேற்பார்வையாளர் அம்மா பழைய நாட்குறிப்புகளைத் தேடி எடுக்க இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் போனபோது மேசைமேல் தடிமனான பதினோரு நோட்டுகள் இருந்தன.

"இந்தப் பேர்ல எங்ககிட்டயும் நாலு பேர் இருந்திருக்காங்க," என்றார். "உங்களவரு எண் இருபத்துமூணு. ரயில்வேலருந்து வந்தவரு அவர் ஒருத்தர்தான்."

இருபத்துமூன்று அங்கே இருபத்துநாலு வருடம் இருந்திருக்கிறார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் இறந்தபோது நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். தம்பி கைக்குழந்தை. செத்துப்போனார் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டவர், இரண்டு பேருந்து தூரத்தில் உட்கார்ந்து நாற்காலி பின்னிக்கொண்டிருந்திருக்கிறார்.

முதல் பதினைந்து வருடம் மாதம் ஒரு கடிதம் எழுதச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பதில் வந்ததாக எங்கும் குறிப்பு இல்லை. பதினைந்தாம் வருடம் ஒரு குறிப்பு:

"23-இன் மகன் வந்தார். பத்து நிமிடம் இருந்தார். தனக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதாகவும், பெண் வீட்டாரிடம் தந்தை இறந்துவிட்டதாகச் சொல்லியிருப்பதாகவும், இனி வீட்டுக்குக் கடிதம் வரக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். 23 சம்மதித்தார். இரவு சாப்பிடவில்லை."

அடுத்த நாள்: "23 வேலைக்கு வந்தார். இரண்டு நாற்காலி முடித்தார். பதிவேட்டில் உள்ள வீட்டு முகவரியை அடித்துவிடச் சொன்னார். அடிக்கப்பட்டது."

நான் அழவில்லை. எனக்கு வந்தது அருவருப்பு. சோற்றில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் வருமே, அந்த மாதிரி.

நாட்குறிப்புப் பக்கங்களுக்கும் படியெடுத்து, ரயில்வே தாள்களோடு சேர்த்து எடுத்துக்கொண்டு முதலில் டாக்டரிடம் போனேன். ரயில்வே மருத்துவரின் தாளைப் படித்துவிட்டு, "அறுபத்துமூணு வருஷம் முன்னாடியே இவர் சரியாப் பார்த்திருக்காரு," என்றார். தம்பியின் டிப்போவுக்கு ஒரு சான்றிதழ் எழுதினார். சித்தியின் பிள்ளைகளை உடனே அனுப்பச் சொன்னார். "உங்க மாமாவுக்குப் பார்வை எப்படி?" என்று கேட்டார்.

"எழுபத்துநாலு வயசுலயும் கழுகுக் கண்ணு."

"அப்ப அவர் வழியில யாருக்கும் பயமில்ல. இது அப்பாகிட்டருந்து மகனுக்குப் போகவே போகாது. அவர் பசங்க, பேரன், பேத்தி எல்லாருமே தப்பிச்சுட்டாங்க. முதல்லயே கேட்டிருந்தா ரெண்டே நிமிஷத்துல சொல்லியிருப்பேனே."

மறுநாள் காலை மாமா வீட்டுக்குப் போனேன். அவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ரயில்வே தாள்களையும் நாட்குறிப்பின் படியையும் பத்திரிகையின்மேல் வைத்தேன். படிக்கப் படிக்க முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. படித்து முடித்து, நான்காக மடித்து, என்னிடமே நீட்டினார். உள்ளே அத்தை இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.

"பின்ன ஏன் மாமா குடிகாரர்னு சொன்னீங்க? எங்கம்மா சாகிற வரைக்கும் அப்படித்தானே நினைச்சுட்டிருந்தா?"

"உனக்கு உலகம் தெரியாது. குடிகாரன்னா அவனோட போச்சு. அப்பன் குடிச்சான், புள்ளை ஒழுங்கா வந்துட்டான்னு நாலு பேரு பாராட்டுவான். கண்ணுன்னா அப்படியா? வம்சத்துக்கே கறை. எனக்கு யார் பொண்ணு குடுத்திருப்பா? உங்கம்மாவை யாரு கட்டியிருப்பா? நான் சொன்ன பொய்லதான் நீயே பொறந்திருக்க."

பேச்சில் ஒரு நடுக்கமும் இல்லை. எத்தனையோ வருடமாகத் தயாராக வைத்திருந்த பதில் என்று தெரிந்தது.

"அவர் குடிக்கலன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சின்ன வயசுலயே தெரியும். சாயங்காலம் ஆனா என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கடைக்கு வருவாரு." முதல் தடவையாக 'வருவாரு' என்றார். சொன்னது அவருக்கே பிடிக்காததுபோலப் பத்திரிகையை உதறினார். "அதெல்லாம் முடிஞ்சு போன கதை."

"முடியல மாமா. அந்த வியாதிதான் இப்ப தம்பிக்கு வந்திருக்கு. சித்தி மகனுக்கும் இருக்கலாம். முன்னாடியே சொல்லியிருந்தா தம்பி பஸ் ஓட்டவே போயிருக்க மாட்டான். நீங்க பயந்ததுக்கு அர்த்தமே இல்ல. இது அப்பாகிட்டருந்து மகனுக்குப் போகாதாம். உங்க வழியில யாருக்குமே கிடையாது. டாக்டர் சொன்னாங்க."

அவர் கையிலிருந்து பத்திரிகை தாழ்ந்தது. முகம் இப்போதுதான் மாறியது. அறுபத்துமூன்று வருடப் பொய் வீணாகிவிட்டதே என்றோ, பெற்றவரைப் பத்தே நிமிடத்தில் துடைத்துப் போட்டோமே என்றோ நினைக்கிறார், ஒரு சொல்லாவது வரும் என்று காத்திருந்தேன்.

"அதை டாக்டர் எழுதித் தருவாங்களா?" என்றார். "லெட்டர்பேட்ல. சீல் வெச்சு."

நான் எழுந்துவிட்டேன். வாசல்வரை கூடவே வந்தார். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பிய ஒரே தடவை அது. "பேத்தி பேரைப் போட்டு எழுதச் சொல்லு. வழவழன்னு இல்லாம, 'பாதிப்பு இல்லை'ன்னு ஒரே வரி," என்றார். நான் வாங்கித் தரவில்லை. அடுத்த வாரம் அவரே போய் வாங்கிக்கொண்டாராம். டாக்டர்தான் சொன்னார்.

சித்தி, நாட்குறிப்புப் பக்கத்தைப் படித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பாவின் முகமே அவளுக்கு நினைவில்லை. பிறகு சின்னவனைக் கூப்பிட்டு, "அக்காகூடப் போ," என்றாள். பெரியவனுக்கு ஒன்றும் இல்லை. சின்னவனுக்கு இருந்தது. வேனை விற்றான். பார்சல் நிறுவனத்தில் பகல் வேலைக்குச் சேர்ந்தான். சித்தி அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. வியாதியைக் கண்டுபிடித்தவர்கள்தான் அதைக் கொண்டுவந்தவர்கள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ஆனால் வேன் நின்றுவிட்டது. எனக்கு அது போதும்.

டிப்போவில் 'பலத்த சந்தேகம்' என்று எழுதிய அதே ஆள், "சந்தேகம் நீங்கியது" என்று எழுதினான். மன்னிப்பு என்ற சொல் அவனுடைய பேனாவில் இல்லை போலிருக்கிறது. பயணிகளுக்கு பஸ் பாஸ் கொடுக்கும் கவுன்டரில் தம்பிக்கு, காலை எட்டிலிருந்து நாலு வரை வேலை கிடைத்தது.

மாமா பேத்தியின் கல்யாணம் நல்ல இடத்திலேயே அமைந்தது. நான் போகிற எண்ணத்தில் இல்லை. தம்பிதான் போக வேண்டும் என்றான். "அந்தப் பொண்ணு என்னக்கா பண்ணுச்சு?" என்றான். அதுவும் சரிதான்.

மாலை நேர வரவேற்பு. பெரிய மண்டபம், ஆனால் விளக்கை அழகுக்காகக் குறைத்து வைத்திருந்தார்கள். தம்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மாமா வாசலில் நின்று வருகிறவர்களிடம் தன் குடும்பப் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா ஆபத்தும் நீங்கியதால் அப்பாவுக்குப் பதவி உயர்வும் கொடுத்துவிட்டார். "எங்க ஃபாதர் அந்தக் காலத்துல ரயில்வே ஆபீசர்," என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

நான் யாரிடமோ பேசத் திரும்பிய நேரம், பக்கவாட்டிலிருந்து ஜூஸ் தட்டோடு வந்த பரிமாறும் ஆளைத் தம்பி கவனிக்கவில்லை. நேராகப் போய் மோதினான். இருபது கண்ணாடி டம்ளர்கள் தரையில் விழுந்து உடைந்தன. மண்டபமே திரும்பிப் பார்த்தது. தம்பி கைகளை நீட்டியபடி அப்படியே நின்றான். எந்தப் பக்கம் கால் வைத்தால் கண்ணாடி குத்தாது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் மாமா, மாப்பிள்ளையின் அப்பா பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தங்கச்சி பையன். கொஞ்சம் குடி. என்ன பண்றது, எல்லாக் குடும்பத்துலயும் ஒண்ணு இருக்கும்ல."

"குடி இல்ல," என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. மேடையில் படம் எடுத்துக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டார். "கண்ணு. இவனுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. எங்க தாத்தாவுக்கு, இதோ நிக்கிறாரே, இவரோட அப்பாவுக்குப் போன மாதிரியே. அவர் ஆபீசர் இல்ல, பாயிண்ட்ஸ்மேன். அவரையும் இவர் இப்படித்தான் குடிகாரன் ஆக்கினாரு. உயிரோட இருந்தவரைச் செத்துட்டாருன்னு சொல்லி, கல்யாணம் பண்ணிக்கிட்டாரு."

அத்தை மாமாவைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருடமாகக் குடித்தனம் செய்கிறவள். அவளுக்கு இது முதல் செய்தி.

மாப்பிள்ளையின் அப்பா, "என்ன சார் இது?" என்றார்.

மாமா பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எங்க வழிக்கு வராது. டாக்டர் லெட்டர் இருக்கு. படிச்சுப் பாருங்க, சீல்கூட இருக்கு." கல்யாணத்துக்கு அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். முதலில் பொய்யை எடுத்து வைப்பது, பொய் செல்லாவிட்டால் சான்றிதழை எடுத்து வைப்பது என்று தயாராக வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒற்றை வரியை இரண்டு முறை படித்தார். தலையை ஆட்டினார். தாளைத் தன் மனைவியிடம் கொடுத்தார். அவளும் படித்தாள். அவ்வளவுதான். பாட்டை மறுபடி போட்டார்கள். பொய் சொன்னதைப் பற்றி அந்த மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நல்ல இடம் என்று மாமா சொன்னது சரிதான். அவருக்கு ஏற்ற இடம்.

யாரோ துடைப்பம் கொண்டுவந்தார்கள். அத்தை மட்டும் வந்து, குனிந்து, தம்பியின் காலடியில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் கையால் ஒதுக்கினாள். பிறகு எழுந்து, மாமா இருந்த பக்கம் போகாமல், பெண்கள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

நாங்கள் சாப்பிடாமல் வெளியே வந்தோம். இருட்டிவிட்டது. தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். அவன் எனக்கு நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"நீ எனக்காகப் பேசலக்கா," என்றான்.

"பின்ன யாருக்காகடா?"

"மாமாவைக் கேவலப்படுத்தணும்னு ரெண்டு மாசமா காத்துட்டிருந்த. நான் டம்ளரைத் தட்டினது உனக்கு வசதியாப் போச்சு. முந்நூறு பேரு முன்னாடி எனக்குக் கண்ணு போகுதுன்னு சொல்லிட்ட. என் ஆபீஸ்லகூட நான் இன்னும் நாலு பேர்கிட்டத்தான் சொல்லியிருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. மாமாவும் யாரையும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மாமாவைப் பற்றி இன்னும் நாலு வசை இருந்தது, எல்லாமே நியாயமானவை. ஒன்றையும் சொல்லவில்லை.

"தப்புதான்," என்றேன்.

பேருந்து வந்தது. பின்வாசலில் கூட்டம். நான் முன்னால் ஏறி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "படி உயரமா இருக்கு, ரெண்டு படி," என்றேன். அவன் ஏறினான். உட்கார்ந்ததும், "பசிக்குது," என்றான். இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும் என்று சொன்னேன். நன்றாக வெளிச்சம் போட்டிருக்கும் கடையா என்று கேட்டான். நினைவுபடுத்திப் பார்த்தேன். ஆமாம், என்றேன்.